பண்பாடும் நம் முடிவுகளும்

மனிதன் சிந்திக்கும் இயல்பினன். தன் அறிவைக் கொண்டு நன்மை தீமைகளை ஆராய்ந்து முடிவு செய்பவன். இவ்வாறு நம்மைப் பற்றி நாமே பெருமையாகக் கூறிக்கொள்கின்றோம். இது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் ஆகாது. ஆராய்வதற்கென்று நம் முன் வந்து நிற்கும் வழிகள் சிலவே. வாராமலே போய்விடும் வழிகள் பல. எவை வருதல் வேண்டும், எவை வரலாகாது என்று நாம் பிறக்கும் முன்னரே ஒரு வரிசை வகுக்கப்பட்டிருக்கின்றது. அவ்வரிசைக்குள் நின்றுகொண்டுதான் நாம் ஆராய்கின்றோம், தேர்கின்றோம், தேர்ந்ததை நம் சொந்த முடிவு என்கின்றோம். அந்த வரிசையை வகுத்துத் தருவதே பண்பாடு செய்யும் பெரும்பணி எனலாம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பர். தன் பண்பாடும் அத்தகையதே. அதைக் காண்பதற்கு அண்டை வீட்டார் ஒருவர் வேண்டும். அவர் மிகத் தொலைவில் உள்ளவராயின் அவர் செய்வன எல்லாம் நமக்குப் புதுமையாகத் தோன்றுமே ஒழிய, நம்மைப் பற்றி ஒன்றும் விளங்காது. முழுவதும் நம்மைப் போன்றவராயின் வேறுபாடே தென்படாது. ஆகவே பெரிதும் ஒத்தும் சிறிது வேறுபட்டும் இருப்பவரே நமக்கு நல்ல ஆசிரியர். அத்தகைய ஆசிரியர் கிடைக்கும் நிலம் சித்தூரும் திருப்பதியும்.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் அமைந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேரி, சந்திரகிரி ஆகிய வட்டங்களும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவையும், சில ஜமீன் பகுதிகளும் அதில் சேர்ந்தன. அதற்கு முன் வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்தது சித்தூர். 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது மாவட்டம் அதன்பாற் சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சிக் கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வாழும் நிலை மாறவில்லை. இங்குப் பயிலும் தமிழ் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறில்லை.

ஆடியும் ஆஷாடமும்

முதலில் எளிய சான்று ஒன்றைக் காண்போம். ஆடி மாதத்தில் திருமணம் செய்யலாகாது என்பது தமிழர் வழக்கம். ஆஷாட மாதத்தில் செய்யலாகாது என்பது தெலுங்கர் வழக்கம். இரண்டிலும் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவர். ஆடியில் கருவுற்றால் சித்திரைக் கோடையில் பிள்ளை பிறக்குமே என்று இங்கே முதியோர் காரணம் சொல்வர். ஏறத்தாழ அதையே அங்கும் சொல்வர். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் பழமொழி. உழவு வேலை குவிந்த காலத்தில் கல்யாணச் சந்தடி எதற்கு என்ற எண்ணமும் இதற்கு அடியில் இருந்திருக்கலாம்.

வழக்கம் ஒன்றே. ஆனால் அளவுகோல் இரண்டு. தமிழர் மாதம் ஞாயிற்றின் செலவைக் கொண்டு கணிக்கப்படுவது. ஞாயிறு கடகத்தில் புகும்போது ஆடி பிறக்கின்றது. தெலுங்கர் மாதம் திங்களைக் கொண்டு கணிக்கப்படுவது. ஓர் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடிவது. திங்களாண்டு ஞாயிற்றாண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்த்து ஈடுசெய்வர். இதனால் இரு கணக்கும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் செல்கின்றன.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் ஆஷாடம் ஜூன் 26இல் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. ஆடி ஜூலை 17இல் பிறந்து ஆகஸ்டு 16இல் முடிந்தது. இரண்டும் ஒருங்கே இருந்தவை 8 நாள்களே. அதற்கு முந்திய 21 நாள் தெலுங்கர்க்கு விலக்கு. தமிழர்க்கோ ஆனி மாதம், மணநாள் பார்க்கும் காலம். ஜூலை 25 முதல் ஆகஸ்டு 16 வரை 23 நாள் தமிழர்க்கு விலக்கு; தெலுங்கர்க்கோ சிராவண மாதம் தொடங்கிவிட்டது, நல்ல நாள்கள் வந்துவிட்டன. ஒரே தெருவில், ஒரே வாரத்தில், ஒரு வீட்டில் பந்தற்கால் நடுகின்றார்கள். எதிர் வீட்டில், "இன்னும் ஆடி கழியவில்லையே" என்று பெண் பார்க்கவும் தயங்குகின்றார்கள்.

இதில் நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எதிர் வீட்டுக்காரர் ஆடியில் மணம் செய்யலாமா என்று ஆராய்ந்து, வேண்டாம் என்று முடிவு செய்தவர் அல்லர். அந்த 23 நாளும் அவருடைய நாட்காட்டியில் மணநாள்களாகத் தோன்றவே இல்லை. அவர் ஆவணியில் எந்த நாள் என்றுதான் ஆராய்கின்றார். மிக நுட்பமாக ஆராய்கின்றார். மண்டபம், செலவு, உறவினர் வருகை எல்லாம் எண்ணிப் பார்க்கின்றார். அறிவு நன்றாகவே வேலை செய்கின்றது. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அறிவு முடிவு செய்யவில்லை.

விடுதி உணவுக்கூடத்திலும் இதே நிலையைக் காணலாம். புரட்டாசியில் தமிழ் மாணவருள் பலர் புலால் உண்பதில்லை. தெலுங்கு மாணவருள் பலர் கார்த்திக மாதத்தில் உண்பதில்லை. அந்தக் கார்த்திகமும் நம் கார்த்திகையும் ஒன்றல்ல; தீபாவளியை ஒட்டியே அவர்களுடைய மாதம் தொடங்கிவிடுகின்றது. ஒருவர் விரதம் மற்றவர்க்கு விளங்குவதில்லை. "இவனுக்கு மட்டும் என்ன வந்தது?" என்ற கேலிப் பேச்சு எழுகின்றது. கேலி செய்தவனே சில வாரம் கழித்துத் தன் முறை வரும்போது இலையை ஒதுக்குகின்றான். நெஞ்சில் ஒன்றே, நாட்காட்டியில்தான் இரண்டு.

உறவுச் சொல்லில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

நாட்காட்டியில் வேறுபடும் இவ்விரு மக்களும் உறவுமுறையில் வியக்கத்தக்க அளவு ஒன்றுபடுகின்றனர். தந்தையின் உடன்பிறந்த ஆண்கள் நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. ஆதலால் அவர்தம் மக்கள் நமக்கு அண்ணன், தங்கை. தாயின் உடன்பிறந்தவர் மாமா. அவர் மகள் முறைப்பெண். தந்தையின் உடன்பிறந்தவள் அத்தை. அவள் மகன் முறைமாப்பிள்ளை. தெலுங்கிலும் மாம, அத்த என்ற சொற்களே மனைவியின் பெற்றோரையும் குறிக்கின்றன. பாவ என்ற சொல் மாமன் மகனையும் குறிக்கும். அக்காள் கணவரையும் குறிக்கும்.

விந்திய மலைக்கு வடக்கே செல்வோமாயின் நிலைமை வேறு. இந்தியில் மாமன் மகளும் உடன்பிறந்தாள் என்ற சொல்லாலேயே அழைக்கப்படுகின்றாள். அவளை மணப்பது என்ற எண்ணமே அங்கு அருவருப்பைத் தரும். ஆங்கிலத்திலோ சித்தப்பா மகளும் மாமன் மகளும் கசின் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். நமக்குத் தங்கையாகிய ஒருத்தியும் முறைப்பெண்ணாகிய ஒருத்தியும் ஒரே பெயரைப் பெறுகின்றனர். குருதி நெருக்கம் மூன்றிடத்தும் ஒரே அளவே. ஆனால் சொல் வேறு. சொல் வேறாகவே நெஞ்சின் உணர்ச்சியும் வேறு. "தங்கை" என்று அழைத்த வாயால் "மனைவி" என்று அழைக்க இயலாது என்று நாம் கூசுகின்றோம். அந்தக் கூச்சத்தை நமக்குத் தந்தது ஆராய்ச்சியன்று. குழந்தைப் பருவத்தில் அம்மா சொல்லிக் கொடுத்த உறவுச் சொல்லே.

நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டுக்கு இடம் தந்திருக்கின்றது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், உடன்பிறந்தார் இருவரின் மக்கள் ஒருவரையொருவர் மணப்பதையும், மாமன் தன் உடன்பிறந்தாள் மகளை மணப்பதையும் விலக்குகின்றது. ஆயினும் இரு தரப்பாரின் வழக்கமும் அதை ஒப்புமாயின் தடையில்லை என்றும் கூறுகின்றது. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் செய்ய முனைந்தவர்கள்கூட, தென்னாட்டு உறவுச் சொற்களுக்கு வழிவிட நேர்ந்தது.

இங்கேதான் செய்தி வெறும் சுவையான தகவல் என்ற நிலையைக் கடந்து நம் வாழ்க்கையைத் தொடுகின்றது. மாமன் மக்கள், அத்தை மக்கள் ஆகியோரிடையே மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. இத்தகையோர் மணந்து பெறும் மக்களுக்குச் சில பிறவி நோய்கள் வரும் வாய்ப்பு, உறவில்லாதார் மக்களைவிட மிகுதி என்பது மருத்துவர் கண்ட உண்மை. மறுபுறம், தெரிந்த வீட்டில் பெண் பாதுகாப்பாக வாழ்வாள், நிலம் சிதறாது, முதியோரை ஒதுக்கமாட்டார்கள் என்று பெற்றோர் கூறும் காரணங்களும் வெறும் கற்பனையல்ல. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து முடிவு செய்பவன் எந்த முடிவுக்கு வந்தாலும் அவன் சிந்தித்தவன். "முறைப்பெண் இருக்கும்போது வேறென்ன பேச்சு?" என்று நிறுத்திக்கொள்பவனோ சொல்லையே முடிவாகக் கொண்டவன். உடன்படும் மணமகளின் விருப்பமும் அந்தத் தராசில் ஏறியதா என்பதையும் அவன் கேட்டிருக்கமாட்டான்.

அறிஞர் கண்டவை

இவ்வாறு பண்பாடு எண்ணத்தை வகுக்கின்றது என்பதற்கு அறிஞர் ஆய்வுகளும் சான்று பகர்கின்றன. ஜோன் மில்லர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தமக்குத் தெரிந்தவர் செய்த ஒரு நற்செயலையும் ஒரு தீச்செயலையும் கூறி, அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்று விளக்குமாறு அமெரிக்கரையும், நம் அண்டை நகரமாகிய மைசூர் மக்களையும் கேட்டார். அமெரிக்கரில் வளர்ந்தோர் செய்தவனுடைய குணத்தையே பெரிதும் காரணமாகக் காட்டினர்: அவன் அப்படிப்பட்டவன் என்றனர். மைசூரில் வளர்ந்தோர் சூழ்நிலையையும் கடமையையும் உறவையும் அவரினும் மிகுதியாகக் காட்டினர்: அவன் நிலைமை அப்படி என்றனர். இதில் மிகவும் கருதத்தக்கது வேறொன்று. இரு நாட்டுச் சிறுவரிடையே இவ்வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. வயது ஏற ஏற அது வளர்ந்தது. பிறவியில் வந்ததாயின் சிறுவரிடமும் தோன்றியிருக்கும். ஆதலால் இது பயின்று பெற்றது என்பது தெளிவாகின்றது.

மைசூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஏ. கே. இராமானுசன் 1989இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இந்தியச் சிந்தனை என ஒன்று உண்டா என்று வினவினார். அவர் தந்தையார் வானியலும் கணிதமும் வல்லவர். அவரே சோதிடமும் பார்ப்பவர். இரண்டும் எப்படி ஒரே மூளையில் இருக்கக்கூடும் என்று இளமையில் இராமானுசன் திகைத்தார். பின்னாளில் அவர் கண்ட விடை இது: எவ்விடத்துக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் பொது விதியை நாடுவது ஒரு போக்கு, இடம், காலம், ஆள் நோக்கி விதியையே வேறுபடுத்துவது மற்றொரு போக்கு. இந்திய மரபில் இப்பின்னைய போக்கே ஓங்கியிருக்கின்றது. அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நம் சங்க இலக்கியத்தின் திணை மரபு. நிலமும் பொழுதும் அறியாமல் ஒரு பாட்டின் பொருளை நாம் சொல்வதில்லை அன்றோ? அவ்வாறே நாளும் உறவும் இடமும் அறியாமல் ஒரு செயலை நல்லதென்றோ தீயதென்றோ நம்மவர் எளிதில் சொல்வதில்லை.

ஒரு மலை, பல அளவுகோல்கள்

தனி மனிதர் முடிவுகளில் மட்டுமன்றி, மக்கட் கூட்டத்தின் பெரிய முடிவுகளிலும் இதைக் காணலாம். அதற்குத் திருவேங்கட மலையே சான்று.

மொழிவழி மாநிலங்கள் தோன்றிய காலத்தில் இம்மலை யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தது. ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழார் அதற்கு உறுதுணையாக நின்றார். தமிழர் கையில் இருந்த அளவுகோல் பழைய இலக்கியம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தையே வட எல்லையாகச் சொல்கின்றது. ஆழ்வார்கள் அம்மலையைத் தமிழில் பாடினர். கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தெலுங்கர் கையில் இருந்த அளவுகோல் வாழும் மொழி. மலையைச் சுற்றி இன்று பேசப்படுவது என்ன, 15ஆம் நூற்றாண்டில் அன்னமாசாரியார் தம் கீர்த்தனைகளை எம்மொழியில் பாடினார் என்று அவர்கள் கேட்டனர்.

இரு சாராரும் சான்றோடுதான் பேசினர். ஆயினும் ஒருவர் சான்று மற்றவர்க்குச் சான்றாகப் படவில்லை. பழமை உரிமை தருமா, இன்றைய பேச்சு உரிமை தருமா என்ற கேள்வியை இருவரும் தனித்தனியே முன்னரே முடித்துவிட்டிருந்தனர். அதற்குப் பின்னர்தான் விவாதம் தொடங்கிற்று!

இறுதியில் நடுவராக வந்த பட்டாஸ்கர் மூன்றாவதோர் அளவுகோலை எடுத்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கு எம்மொழியார் பெரும்பான்மையர், அந்நிலம் எதனோடு தொடர்ந்திருக்கின்றது என்று பார்த்தார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்தில் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. இத்தீர்ப்பால் இரு சாராரிலும் மனம் நொந்தவர் உண்டு. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுவோர், கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற ஒரே கட்டத்தில் ஒன்றை எழுதி மற்றொன்றை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தால், எந்த அளவுகோலும் வாழ்க்கை முழுவதையும் அளந்துவிடாது என்பது புலனாகும்.

மலையோ இரண்டையும் ஏற்றுக்கொண்டே நிற்கின்றது. மார்கழியில் திருமலைக் கோயிலில் வடமொழிச் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகின்றது. அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனையும் அங்கே ஒலிக்கின்றது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து வருவோருள் தெலுங்கு பேசுவோரும் பலர். ஆட்சியாளர் வகுத்த கோட்டை மக்கள் தம் வழிபாட்டில் வகுத்துக்கொள்ளவில்லை.

பண்பாடு சிறையா?

இவ்வளவும் கேட்டபின், "நாம் பண்பாட்டின் கைதிகள்தாமா?" என்று சிலர் வினவக்கூடும். அல்ல. வரிசையை வகுத்தவர் மனிதர், மாற்றியவரும் மனிதரே. ஆடியில் மணம் இல்லை, ஆகவே துணி வாங்குவோரும் இல்லை என்று வணிகர் சோர்ந்து போகவில்லை. ஆடித் தள்ளுபடி என்று ஒன்றைப் படைத்தனர். இன்று ஆடியில்தான் கடையில் கூட்டம். சிறிய மாற்றம் இது. பெரிய மாற்றமும் உண்டு. கோயிலுக்குள் யார் வரலாம் என்பது பல நூற்றாண்டுகள் கேள்வியாகவே எழாமல் இருந்தது. எழுப்பியவர்கள் வசை கேட்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. சித்தூர் மாவட்டமும் அன்று அம்மாகாணத்தில் அடங்கியதே. முந்திய தலைமுறை எண்ணிப் பார்க்கவும் மறுத்ததைப் பிந்திய தலைமுறை இயல்பாகக் கொண்டது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, அறைத் தோழன் செய்வது நமக்கு விந்தையாகத் தோன்றும்போது, அவன் அறிவில்லாதவன் என்று கூறுமுன் அவன் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றான் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவன் நம்மைப் போலவே நேர்மையாக அளந்திருப்பான். கோல்தான் வேறாக இருக்கும். இரண்டாவது, இதனினும் கடினமானது. நாம் ஒரு முடிவு செய்யும்போது, எந்த வழிகளை ஆராய்ந்தோம் என்பதோடு நில்லாமல், எந்த வழிகள் நம் முன் வரவே இல்லை என்றும் கேட்க வேண்டும். மணமாயினும், படிப்பாயினும், தொழிலாயினும், வாக்குச்சீட்டாயினும் இக்கேள்வி பொருந்தும்.

அவ்வாறு கேட்டபின் பழைய வழியே நல்லதென்று தோன்றினால் அதிலேயே செல்லலாம். அப்போது அது முன்னோர் வழி மட்டுமன்று. நம் வழியும் ஆகும். அன்றி வேறு வழி நல்லதென்று தோன்றினால் அதற்கும் துணிய வேண்டும். எல்லைப்புறத்தில் வாழ்பவனுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. அவன் தன் வீட்டு நாட்காட்டியைப் பார்க்கும்போதே எதிர் வீட்டு நாட்காட்டியும் கண்ணிற் படுகின்றது. இரண்டையும் பார்க்கப் பழகியவன் தன்னுடையதை இகழவும் மாட்டான். அதுவே உலகத்துக்கெல்லாம் நாட்காட்டி என்று சாதிக்கவும் மாட்டான்.